கை வையுங்கள், வீடு உங்களுடையது

மழை பிடித்தால் எங்கள் அம்பத்தூர் வீட்டில் ஏழு பாத்திரங்கள் தரையில் இறங்கும். பித்தளை அண்டா கூடத்தின் நடுவில், இட்லிக் குண்டான் பீரோவுக்குப் பக்கத்தில், பால் காய்ச்சும் சட்டி பூஜை அலமாரிக்குக் கீழே. எது எங்கே என்பது அம்மாவுக்கு மனப்பாடம். நள்ளிரவில் கரண்ட் போனாலும் தடுமாறாமல் கொண்டுவந்து வைப்பார். பன்னிரண்டு மழைக்காலங்கள் இப்படியே போயின. பணம் இல்லாமல் அல்ல. தொழிற்பேட்டையில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பாவின் பி.எஃப். தொகை வங்கியில் பத்திரமாக இருந்தது. கொத்தனாரைக் கூப்பிடலாம் என்று ஒவ்வொரு ஐப்பசியிலும் நான் சொல்வேன். ஒவ்வொரு ஐப்பசியிலும் அப்பாவிடமிருந்து அதே பதில்தான் வரும்.

"வேணாம்ப்பா. வீட்ல கை வெச்சா வரி ஏத்திடுவாங்க."

ஒரு நாள் சாயங்காலம் தையல் மெஷின்மேல் கூரையிலிருந்து சிமென்ட் பாளம் ஒன்று விழுந்தது. ஐந்து நிமிடம் முன்புவரை அம்மா அங்கேதான் உட்கார்ந்து ரவிக்கைக்கு ஊக்கு தைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பாளத்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் சுண்ணாம்பு வெள்ளை, மறுபக்கம் துருவின் செங்காவி. எங்கள் குடும்பத்தைப் பன்னிரண்டு வருடம் மிரட்டிய அந்த வரி உண்மையில் எவ்வளவு என்று அன்றைக்குத்தான் தகரப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். அரையாண்டுக்கு 1,860 ரூபாய். எதற்கு எவ்வளவு என்று அந்த வரிச் சீட்டை அதற்கு முன் எங்கள் வீட்டில் ஒருவரும் வாசித்ததே இல்லை.

இந்தக் கட்டுரையை எழுத உட்கார வைத்தது அந்த வெட்கம்தான். அந்த வெட்கம் உங்களுக்கு வரக்கூடாது.

எங்கள் வீடு மட்டும் இப்படி இல்லை. சுற்றுவட்டாரத்தில், திருமுல்லைவாயலில் கேட்டுப் பாருங்கள். பட்டாபிராமில், பருத்திப்பட்டில், குமணன்சாவடியில், கரையான்சாவடியில் கேட்டுப் பாருங்கள். எண்பதுகளில் கட்டிய வீடு. தாழ்வாரத்தில் விரிசல், குளியலறைச் சுவரில் ஓதம், மாடியில் பெயர்ந்த தட்டோடு. ஏன் சரிசெய்யவில்லை என்றால், "நகராட்சிக்காரங்க வந்துடுவாங்க", "பர்மிஷன் கேப்பாங்க", "ஒண்ணுக்கு ரெண்டா போட்டுடுவாங்க" என்பார்கள். யார் சொன்னார்கள்? பக்கத்து வீட்டுக்காரர். அவருக்கு யார் சொன்னார்கள்? அவருடைய மச்சான். யாரும் வாசித்துப் பார்க்காத ஒரு சட்டத்துக்குப் பயந்து ஊரே ஒழுகும் கூரையின் கீழ் படுத்துத் தூங்குகிறது.

நண்பரே, எழுந்திருங்கள். முதலில் அந்தச் சீட்டை எடுங்கள்.

சொத்து வரி எதை வைத்துக் கணக்கிடப்படுகிறது? கட்டடத்தின் பரப்பு எத்தனை சதுர அடி, அந்தத் தெருவுக்கு நிர்ணயித்த அடிப்படை வீதம் என்ன, குடியிருப்பா கடையா, சொந்தக்காரர் குடியிருக்கிறாரா வாடகைக்கு விட்டிருக்கிறாரா, கூரை எப்படிப்பட்டது, கட்டடத்தின் வயது என்ன. சென்னை மாநகராட்சிக் கணக்கின் முதுகெலும்பு இவைதான். இதில் பெயின்ட்டின் நிறத்துக்கு இடம் எங்கே? புது டைல்ஸுக்கு இடம் எங்கே? மாற்றிய ஒயரிங்குக்கும், புதிதாகப் போட்ட கழிவறைக் குழாய்க்கும், பெயர்ந்த பூச்சைக் கொத்திவிட்டுப் பூசிய சிமென்டுக்கும் எந்தக் கட்டத்தில் வரி எழுதுவார்கள்? அப்படி ஒரு கட்டமே கிடையாது. உங்கள் வீட்டுக் கூடத்தில் மொசைக் இருந்தால் ஒரு வரி, கிரானைட் போட்டால் இன்னொரு வரி என்று யாரும் எழுதி வைக்கவில்லை. பரப்பு கூடாமல், பயன்பாடு மாறாமல் நீங்கள் செய்யும் பழுதுபார்ப்பு உங்கள் வரியை ஒரு ரூபாய்கூட ஏற்றாது.

"ஆனா வரி ஏறுச்சே சார்!" என்பீர்கள். ஏறியது. 2022 ஏப்ரலில் தமிழ்நாடு முழுக்கச் சொத்து வரி சீரமைக்கப்பட்டது. சென்னையின் பழைய நகரப் பகுதியில் 1998-க்குப் பிறகு நடந்த முதல் பெரிய உயர்வு அது. 2011-இல் மாநகராட்சியோடு இணைந்த அம்பத்தூர் போன்ற பகுதிகளில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று உயர்ந்தது. பிறகு 2024 செப்டம்பரில் சென்னை மாநகராட்சி மன்றம் இன்னொரு 6 சதவீதத்தைத் தீர்மானம் போட்டு ஏற்றியது. வலித்தது உண்மை. நடுத்தரக் குடும்பத்தின் பட்ஜெட்டில் அது துண்டு விழ வைத்தது உண்மை. ஆனால் இதைக் கவனியுங்கள்: வீட்டைப் புதுப்பித்தவருக்கும் அதே சதவீதம்தான், புதுப்பிக்காதவருக்கும் அதே சதவீதம்தான். எங்கள் வீட்டுக்கும் ஏறியது, ஏழு பாத்திரங்களோடு சேர்த்தே ஏறியது! கை வைக்காமல் இருந்ததற்காக அப்பாவுக்கு ஒரு பைசா தள்ளுபடி கிடைக்கவில்லை. பன்னிரண்டு வருடம் பயந்ததற்குக் கிடைத்த பலன் துருப்பிடித்த கம்பி மட்டும்தான்.

துரு எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். பயத்தின் விலை அதில் தெரிகிறது. மாடியில் தட்டோட்டின் இணைப்பு திறந்துகொள்கிறது. மழைநீர் அந்தக் கோட்டின் வழியே இறங்கி, சுருக்கியைத் தாண்டி கான்கிரீட்டுக்குள் புகுந்து, கம்பியைத் தொடுகிறது. இரும்பு துருவாக மாறும்போது தன் பழைய அளவைப்போலப் பல மடங்கு இடம் கேட்கும். உள்ளே இடம் ஏது? கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே தள்ளுகிறது. முதலில் மயிரிழை விரிசல், அடுத்து பழுப்புக் கறை, அடுத்து வீக்கம், கடைசியில் பாளம். விரிசல் கட்டத்திலேயே பிடித்தால் மாடியில் இணைப்புகளை அடைத்து, தண்ணீர் தேங்காமல் வாட்டம் சரிசெய்து, மேலே நீர்க்காப்புப் பூச்சு கொடுத்தால் போதும். ஒரு மேஸ்திரியும் இரண்டு ஆட்களும் சில நாட்களில் முடித்துவிடுவார்கள். பாளம் விழுந்த பிறகு என்றால் உதிர்ந்த பாகமெல்லாம் கொத்தி எடுக்க வேண்டும். கம்பியை இரும்புப் பிரஷ்ஷால் பளபளவென்று தேய்க்க வேண்டும், துருத்தடுப்பு பூச வேண்டும், தேய்ந்துபோன கம்பிக்குப் புதுக்கம்பி கட்ட வேண்டும், பாலிமர் கலந்த சாந்து அடிக்க வேண்டும், கீழே முட்டுக் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் இத்தனையும் செய்தோம். முதல் ஐப்பசியில் செய்திருந்தால் ஆகியிருக்கும் செலவைப்போல நாலு மடங்கு ஆனது. இந்த நாலு மடங்கை எந்த மாநகராட்சியும் எங்களிடம் வசூலிக்கவில்லை. எங்கள் வாயில் இருந்த அந்த ஒரு வாக்கியம்தான் வசூலித்தது.

நீங்கள் யார் என்பதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். சென்னையின் மேற்கு ஓரத்தில் வாழும் நீங்கள் யாருடைய பிள்ளைகள்? 1949-இல் அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை எழுந்தபோது இங்கே சுற்றிலும் வயலும் ஏரியும்தான். 1964-இல் தொழிற்பேட்டை வந்தது. லேத்தும் டிரில்லிங் மெஷினும் வைத்த சின்னச் சின்ன பட்டறைகள் நாட்டுக்கே பாகம் செய்து அனுப்பின. 1965-இல் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 'விஜயந்தா' டாங்கி உருண்டு வெளியே வந்தது. எஃகை வளைத்து டாங்கி செய்த கைகளின் வாரிசுகள் நீங்கள். குளியலறைக் குழாயை மாற்ற அஞ்சலாமா? ஷிப்டு முடிந்து வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு சேர்ந்து ஜல்லி சுமந்து, மனைவியின் தாலிக்கொடியை அடகு வைத்து, ஒவ்வோர் அறையாகக் கட்டிய வீடுகள் இவை. கட்டும்போது இருந்த துணிச்சல், காக்கும்போது எங்கே போனது?

"அனுமதி வேண்டுமே" என்கிறீர்கள். எதற்கு வேண்டும், எதற்கு வேண்டாம் என்று தெரிந்தவரை யாரும் மிரட்ட முடியாது. 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளை எடுத்துப் பாருங்கள். வெள்ளையடித்தல், பூச்சு, தரை மாற்றுதல், ஓடு மாற்றுதல், கதவு ஜன்னல் பழுதுபார்த்தல் என்று கட்டடத்தின் அமைப்பை மாற்றாத வேலைகளுக்குத் திட்ட அனுமதி தேவையில்லை. கொத்தனார் வந்து நின்றதைப் பார்த்து யாராவது வாசலில் வந்து "பர்மிஷன் இருக்கா?" என்று கேட்டால் கையைப் பிசையாதீர்கள். "பழுதுபார்ப்புங்க, பரப்பு கூடல, எந்த விதிப்படி அனுமதி வேணும்னு எழுத்துல கொடுங்க" என்று நிமிர்ந்து, மரியாதையோடு கேளுங்கள். எழுத்தில் கேட்பவனிடம் நாக்கு நீளாது.

அதற்காக எல்லாமே பழுதுபார்ப்பு என்று சொல்லித் தப்பிக்கச் சொல்லவில்லை. மாடியில் ஒரு தளம் ஏற்றினால் பரப்பு கூடும். பரப்பு கூடினால் வரி கூடும். முன்னறையில் ஷட்டர் வைத்துக் கடை போட்டால் அது வணிகப் பயன்பாடு. சொத்து வரியும் மாறும், மின்கட்டண வகையும் மாறும். அதை மறைக்காதீர்கள். சென்னை மாநகராட்சி டிரோன் பறக்கவிட்டு, வரைபடத்தோடு ஒப்பிட்டு, குறைவாக வரி கட்டும் கட்டடங்களைக் கண்டுபிடிக்கத் தொடங்கிப் பல வருடங்கள் ஆகின்றன. சுய மதிப்பீட்டுப் படிவத்தில் நீங்களே உண்மையை எழுதிக் கொடுங்கள். கூடுதலாக ஓர் அறை கட்டினேன், மகள் அதில் உட்கார்ந்து படிக்கிறாள், அதற்கான வரியைக் கட்டுகிறேன் என்று சொல்வதில் என்ன குறைந்துவிடப் போகிறது? ஒளித்துக் கட்டியவன்தான் கதவு தட்டும் ஒவ்வொரு முறையும் நெஞ்சைப் பிடிப்பான்.

அப்படி ஏற்றுக் கட்டுவதும் இன்று முன்புபோல் கொடுமை இல்லை. 2024 ஜூலை 22 முதல் தமிழ்நாட்டில் சுயசான்று முறை நடப்பில் இருக்கிறது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் வீடு, தரைத்தளம் அல்லது அதோடு முதல் தளம் என்றால், இணையத்தில் விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, உடனே அனுமதி வாங்கிவிடலாம். முன்கூட்டி இடம் பார்க்க அதிகாரி வரத் தேவையில்லை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துத் தனி வீடுகளில் பெரும்பாலானவை இந்த அளவுக்குள் அடங்கும். நாள் கணக்கில் அலுவலகத் திண்ணையில் உட்கார்ந்திருந்த நம் அப்பாக்களுக்கு இந்த வசதி இல்லை. உங்களுக்கு இருக்கிறது.

சரி, வரியில் சலுகை ஏதாவது உண்டா? உண்டு. கொஞ்சம்தான், ஆனால் கேட்காமல் கிடக்கிறது. ஏப்ரல் 1 முதல் 30-க்குள், அக்டோபர் 1 முதல் 30-க்குள் அந்த அரையாண்டின் சொத்து வரியைக் கட்டிவிட்டால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, உச்ச வரம்பு 5,000 ரூபாய். 2023-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி விதிகளின்படி அம்பத்தூரை உள்ளடக்கிய சென்னை மாநகராட்சியிலும் சரி, ஆவடி மாநகராட்சியிலும் சரி, பூந்தமல்லி நகராட்சியிலும் சரி, இந்த ஊக்கத்தொகை உங்களுக்கு உரியது. தாமதித்தால் மாதம் 1 சதவீதம் வட்டி ஓடும். எங்கள் 1,860 ரூபாயில் 5 சதவீதம் 93 ரூபாய். ஒரு வருடத்துக்கு 186. சின்னத் தொகைதான். ஆனால் அந்த 186 ரூபாயை வாங்கியவன் தேதியைத் தெரிந்து வைத்திருப்பவன், சீட்டை வாசிப்பவன். அவனை ஏமாற்றுவது கடினம்.

வீட்டைப் பழுதுபார்க்கக் கடன் வாங்கியிருக்கிறீர்களா? பழைய முறையில் வருமான வரி கட்டுபவராக இருந்தால், சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் பழுதுபார்ப்புக் கடனுக்கான வட்டியில் ஆண்டுக்கு 30,000 ரூபாய்வரை கழிவு உண்டு. வீடு வாங்கவோ கட்டவோ வாங்கிய கடனுக்கான 2 லட்ச ரூபாய் வரம்புக்குள் இதுவும் அடங்கும். வாடகைக்கு விட்ட வீடு என்றால், நீங்கள் கட்டிய சொத்து வரியை வாடகை வருமானத்திலிருந்து கழித்துவிட்டு, மிச்சத்தில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று அப்படியே கழித்துக்கொள்ளலாம். நீங்கள் உண்மையில் எவ்வளவு செலவு செய்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. சட்டமே வருடாவருடம் பராமரிப்புக்கென்று ஒரு பங்கை உங்கள் கையில் கொடுக்கிறது. அதை வாங்கிக்கொண்டு குடியிருப்பவர் தலையில் தண்ணீர் சொட்ட விடும் வீட்டுக்காரர்களைப் பற்றி எனக்குக் கோபம் உண்டு. அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று, பில். தளம் ஏற்றியது, அறை சேர்த்தது போன்ற மூலதன மேம்பாட்டுச் செலவுகளை நாளைக்கு வீட்டை விற்கும்போது மூலதன ஆதாயத்திலிருந்து கழிக்கலாம். ஆனால் ஆதாரம் வேண்டும். நம் ஊரில் கொத்தனாருக்குக் கையில் கொடுத்துவிட்டு, சிமென்ட் கடை பில்லைப் பஜ்ஜி மடிக்கப் பயன்படுத்துவார்கள். வேண்டாம். ஒரு கோப்பு போடுங்கள். வங்கி வழியாகக் கொடுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் போட்டோ எடுத்து வையுங்கள்.

மாடி சரியானதும் அடுத்த கதவும் திறக்கிறது. 2024-இல் தொடங்கிய பிரதமர் சூர்ய வீடு திட்டத்தில் 2 கிலோவாட்வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 3 கிலோவாட்டோ அதற்கு மேலோ என்றால் 78,000 ரூபாய் மானியம். ஒழுகும் மாடியில் சூரியத் தகடு நிறுத்த எந்த ஒப்பந்தக்காரரும் துணிய மாட்டார். கூரையைச் சரிசெய்தவருக்குத்தான் அந்த 78,000.

இனி, இந்தப் பகுதிக்கே உரிய ஒரு வேதனையைச் சொல்கிறேன். நம் தெருக்களைப் பாருங்கள். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டுப் போட்டு, ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன வீட்டுக்குள் இன்று இரண்டு படி இறங்கிப் போகிறோம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் யார் வீட்டுக்குள் முதலில் நுழைந்தது என்று கொரட்டூர்க்காரரைக் கேளுங்கள். பழைய மேல்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் சாலை போட வேண்டும், உயரம் கூடக்கூடாது என்று 2021-இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். அந்த உத்தரவு உங்கள் கையில் இருக்கும் ஆயுதம். உங்கள் தெருவில் சாலை போட வரும் அன்று, லாரிக்கு முன்னால் நின்று அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். வேறு யாரும் வரமாட்டார்கள்.

அதற்குள் மக்கள் சும்மா இருக்கவில்லை என்பதுதான் எனக்கு நெஞ்சு நிமிரும் செய்தி. அடித்தளத்தை அறுத்து, நூற்றுக்கணக்கான ஜாக்கிகளை வரிசையாக முட்டுக் கொடுத்து, முழு வீட்டையும் அங்குலம் அங்குலமாக மேலே தூக்குகிறார்கள். சென்னையின் தாழ்வான பகுதிகளில் இது இன்று பழகிப்போன வேலை. சாலை உயர்ந்ததா, என் வீட்டையும் உயர்த்துகிறேன் பார் என்று நின்ற சாதாரணக் குடும்பங்கள் அவை. வீட்டையே தூக்கி நிறுத்தும் மனிதர்கள் வாழும் ஊரில், விரிசலை அடைக்க ஏன் தயக்கம்? அப்படி வெள்ளத்துக்குத் தப்ப வீட்டை உயர்த்தியவரின் பரப்பு கூடவில்லை. அவர் செய்த அந்தச் செலவுக்கு நம் உள்ளாட்சி என்ன திருப்பிக் கொடுத்தது? எதுவும் இல்லை. பாராட்டு ஒரு வரிகூட இல்லை.

நான் சொல்ல வந்ததே இதுதான். இருக்கும் சலுகையை வாங்குவது பாதித் துணிச்சல். இல்லாத சலுகையைக் கேட்பது மீதிப் பாதி.

கேட்டால் கிடைக்குமா? புனேயைப் பாருங்கள். அங்கே மாநகராட்சி, மழைநீர் சேகரிப்பு, சூரிய சக்தி, மண்புழு உரம் ஆகியவற்றில் ஒன்றைச் செய்த வீட்டுக்குச் சொத்து வரியில் 5 சதவீதமும், இரண்டு அல்லது அதற்கு மேல் செய்தால் 10 சதவீதமும் தள்ளுபடி தருகிறது. அதனால் அந்த மாநகராட்சி திவாலாகவில்லை. நம் தமிழர்கள் நிறைய வாழும் சிங்கப்பூரைப் பாருங்கள். 2007-இல் அறிவித்த வீட்டு மேம்பாட்டுத் திட்டத்தில் பழைய அடுக்குமாடிகளில் உதிரும் கான்கிரீட்டையும் கழிவுநீர்க் குழாயையும் குடிமக்களுக்கு அரசே முழுச் செலவில் மாற்றிக் கொடுக்கிறது. பழைய வீடு விழுவது ஊருக்கு நட்டம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அளவு மீறினால் கெடும் என்பதும் உண்மைதான். 2020-இல் இத்தாலி சில வகைப் புதுப்பிப்புகளுக்குச் செலவில் 110 சதவீத வரிக்கழிவு என்று அறிவித்து, கஜானா தாங்காமல் பின்னால் வெட்டிக் குறைத்தது. நமக்கு 110 வேண்டாம். புனேயின் 5 சதவீதம் போதும்.

இந்த ஊரால் முடியும் என்பதற்கு 2003 சாட்சி. எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு அமைக்க வேண்டும் என்று அந்த ஆண்டு அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து ஆகஸ்ட் 31-ஐக் கெடுவாக வைத்தது. சில வாரங்களில் சென்னையும் புறநகரும் குழாயும் குழியுமாக மாறின. தெருவுக்குத் தெரு பிளம்பருக்குக் கிராக்கி. செய்யாவிட்டால் குடிநீர் இணைப்புத் துண்டிக்கப்படும் என்ற அச்சத்தில் நடந்த வேலை அது. ஆனாலும் நடந்தது, நம் கையால், நம் காசில். அச்சுறுத்தலுக்கே இவ்வளவு செய்த மக்கள், ஊக்கத்துக்கு எவ்வளவு செய்வார்கள்! அன்று போட்ட குழிகளில் பல இன்று மண் மூடிக் கிடக்கின்றன. அதைத் தூர்வாரி, வடிகட்டும் ஜல்லியையும் மணலையும் மாற்றி வைத்திருப்பவருக்கு 5 சதவீதம் கொடுத்துப் பாருங்கள். அடுத்த மழைக்குள் ஒரு குழிகூட மூடிக் கிடக்காது.

எங்கே கேட்பது? 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று தமிழ்நாட்டு நகர்ப்புறங்களில் பகுதி சபைகள் கூடத் தொடங்கின. கிராமத்துக்குக் கிராமசபை எப்படியோ, நகரத்து வார்டுக்கு இது அப்படி. ஏரியா சபை என்று தெருவில் சொல்கிறார்கள். பெரும்பாலும் தெருவிளக்கு, குப்பை வண்டி, நாய்த் தொல்லை என்று பேச்சு முடிந்துவிடும். அவையும் வேண்டியவைதான். ஆனால் வரிக்கொள்கை பெரியவர்கள் பேசுவது, நமக்கு அதில் என்ன வேலை என்று நினைக்காதீர்கள். வரி கட்டுகிறவர் பேசாமல் வேறு யார் பேசுவது?

எங்கள் வீட்டு வேலை முடிந்து அடுத்த அரையாண்டுச் சீட்டு வந்தது. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூன்று முறை பார்த்தார். அதே 1,860. அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஏப்ரல் முதல் வாரத்திலேயே கட்டினோம், 93 ரூபாய் குறைந்தது. அன்று சாயங்காலம் எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, சீட்டை நீட்டி, "பாருங்க, ஏறல. நீங்களும் ஆள் கூப்பிடுங்க, அந்தச் சன்ஷேடு விழப்போகுது" என்றார். பன்னிரண்டு வருடம் பயத்தைப் பரப்பிய அதே வாய்.

எழுபத்து நான்கு வயதில் அவர் ஒரு மனு எழுதியிருக்கிறார். கோடு போட்ட தாளில், தொழிற்சாலையில் ரிப்போர்ட் எழுதிய அதே அழுத்தமான கையெழுத்தில். மழைநீர் சேகரிப்பைப் புதுப்பித்த வீடு, வெள்ளத்துக்காகத் தரைமட்டத்தை உயர்த்திய வீடு, மாடியில் சூரியத் தகடு போட்ட வீடு ஆகியவற்றுக்குச் சொத்து வரியில் 5 சதவீதம் தள்ளுபடி தர வேண்டும். பரப்பு கூடாத பழுதுபார்ப்புக்கு வரி உயராது என்பதைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு வார்டு அலுவலக வாசலிலும் ஒட்ட வேண்டும். புனே செய்வதை மன்றத்தில் விவாதித்துத் தீர்மானம் போட்டு அரசுக்கு அனுப்ப வேண்டும். கீழே இதுவரை பதினெட்டுக் கையெழுத்து. அடுத்த பகுதி சபையில் அவரே எழுந்து வாசிக்கப் போகிறார்.

உங்கள் தெருவிலும் ஒரு தாளும் பேனாவும் இருக்கும். கூட்டம் என்றைக்கு, எங்கே என்று வார்டு அலுவலகத்தில் கேளுங்கள், சொல்வார்கள். போகும்போது வரிச் சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.